கடலடியில் இடம் குறித்தல்

முன்பின் அறியாத ஊரில் ஒரு நண்பரின் வீட்டைத் தேடிச் செல்கிறோம். கையிலுள்ள கடிதத்தில் தெருவின் பெயரும் கதவு எண்ணும் இருக்கின்றன. தெருமுனையில் பிள்ளையார் கோயில், அதற்கு எதிரே ஒரு வேப்பமரம், அதையடுத்து மூன்றாவது வீடு என்று நண்பர் எழுதியிருக்கிறார். அப்படியும் தெரியாவிட்டால் கடைவீதியில் நிற்கும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம். கடலுக்கு அடியில் ஓர் இடத்தைத் தேடிச் செல்பவனுக்கு இந்த வசதிகளுள் ஒன்றுமே இல்லை. அங்கே தெரு இல்லை, எண் இல்லை, வழி கேட்க ஆளும் இல்லை. பத்தடிக்கு அப்பால் இருப்பது கண்ணுக்கே தெரிவதில்லை. அத்தகைய இடத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்டுபிடித்த இடத்துக்கு மறுநாளோ மறுவருடமோ திரும்பிச் செல்வது எப்படி? மாணவர்களே, இவ்விரண்டு கேள்விகளுள் இரண்டாவதுதான் கடினமானது. அதை நான் ஒரு தவற்றின் மூலமாகவே கற்றுக்கொண்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2010-ஆம் ஆண்டு தை மாதம். மன்னார் வளைகுடாவில் உள்ள தீவு ஒன்றின் அருகே, பவளப் பார்களை ஆராயும் சிறு குழுவில் நானும் இருந்தேன். 'பார்' என்பது கடலடியில் பாறையாக உயர்ந்திருக்கும் நிலத்துக்கு நம் கடற்கரை மக்கள் வழங்கும் பெயர். 1986-ஆம் ஆண்டு கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதியாதலால், உரிய அனுமதி பெற்றே இறங்கினோம். தீவுக்கு வெளியே, ஆறு மீட்டர் ஆழத்தில், இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி வைத்தாற்போன்ற ஒரு சிறு கருவியை இரும்பு முளை ஒன்றில் கட்டி வைத்தோம். நீரின் வெப்பநிலையை மணிக்கு ஒருமுறை தானே குறித்துக்கொள்ளும் கருவி அது. மேலே வந்ததும், படகில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டி காட்டிய எண்களை என் குறிப்பேட்டில் எழுதினேன். வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அவ்வாண்டுக் கோடையில் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறியது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் பல இடங்களில் வெளிறிப் போயின. பவள உயிரின் திசுக்களுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்ணிய பாசிகள், நீர் மிகுதியாகச் சூடேறும்போது வெளியேறிவிடுகின்றன; சூடு நீடித்தால் பவளம் மடிகிறது. எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்பதை அந்தப் பாரில் அறிந்திருந்தது எங்கள் கருவி ஒன்றே. வைகாசியில் அதை எடுக்கச் சென்றோம். எண்கள் காட்டிய இடத்தில் நங்கூரம் போட்டு இறங்கினோம். கருவி இல்லை. முதல் நாள் இரண்டு முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் தேடினோம், கிடைக்கவில்லை. தென்மேற்குக் காற்று வலுத்து, நீர் நாளுக்கு நாள் கலங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாட்களில் அந்தப் பக்கம் இறங்கவே இயலாது. நான்கு மாதத்துக் கடலின் கணக்கு, எனக்கு நூறடி தொலைவுக்குள் எங்கோ கிடந்தது. அதை எடுக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, நீருக்குள் மனிதன் ஏன் வழி தவறுகிறான் என்பதைப் பார்ப்போம்.

1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோ, எமில் காஞான் என்னும் இருவர், மூழ்குபவன் மூச்சிழுக்கும்போது மட்டும் வேண்டிய அழுத்தத்தில் காற்றைத் தரும் சுவாசக் கருவியை உருவாக்கினர். இன்று ஸ்கூபா என்று வழங்கும் முறை அதிலிருந்து வளர்ந்ததே. அது மனிதனுக்கு நீருக்குள் மூச்சைத் தந்தது; ஆனால் அங்கே பார்க்கும் கண்ணையும் கேட்கும் செவியையும் தரவில்லை. முகமூடிக் கண்ணாடியின் வழியே பார்க்கும்போது, ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் நுழைகையில் வளைவதால், நான்கு மீட்டர் தொலைவிலுள்ள பொருள் மூன்று மீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும். சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும். ஆகவே கரையில் கண்ணைப் பறித்த சிவப்புக் கயிறு அங்கே சாம்பல் நிறமாகக் கிடக்கும். நிலத்தில் ஒலி வரும் திசையை நாம் அறிவது, அது ஒரு காதுக்கும் மற்றொரு காதுக்கும் வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கு மேலான வேகத்தில் பாய்கிறது. ஆகவே அந்த வேறுபாடு மிகவும் குறுகிவிடுகிறது. படகின் இயந்திரம் எல்லாப் பக்கத்திலும் ஒலிப்பதுபோல் இருக்கும்.

'செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் இது ஒரு குறையா?' என்று நீங்கள் கேட்கலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வானொலி அலைகளை அனுப்புகின்றன. அத்தனை தொலைவு கடந்து வரும் அலை, உப்பு நீரில் சில சென்டிமீட்டருக்குள் மடிந்துவிடுகிறது. ஆகவே அக்கருவி நீரின் மேற்பரப்போடு நின்றுவிடும். அது சொல்வது படகின் இடத்தை. மூழ்கியவனின் இடத்தை அன்று. நான் செய்த தவறும் அதுவே. அன்று எங்கள் படகு நீளமான நங்கூரக் கயிற்றில் காற்றுக்கு விலகி நின்றது. நாங்களோ நங்கூரத்திலிருந்து இன்னும் சிறிது தூரம் நீந்திச் சென்று முளையை அடித்தோம். நான் எழுதி வைத்தது படகின் முகவரியை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இடம் ஐந்து மீட்டர் பிழையோடு தெரிந்தால், நாம் தேட வேண்டிய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 79 சதுர மீட்டர். பிழை முப்பது மீட்டரானால் அது ஏறத்தாழ 2,827 சதுர மீட்டர். பிழை ஆறு மடங்கு. வேலை முப்பத்தாறு மடங்கு. முதுகிலுள்ள சிலிண்டரின் காற்றோ அதே அளவுதான். மேலே செய்த சிறு அசட்டைக்குக் கீழே காற்றால் விலை கொடுக்க நேர்கிறது.

மறுநாள் உச்சிப்பொழுதில் எங்கள் படகுக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அன்னிக்கு நீங்க முளை அடிச்ச இடத்தையா தேடுறீங்க? இங்க இல்லையே அது!"

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?" என்றேன்.

"உங்க பெட்டி, படகு நின்ன இடத்தைச் சொல்லும். நீங்க இருந்த இடத்தை உங்க மூச்சுல்ல சொல்லிச்சு" என்றார்.

நாங்கள் கீழே வேலை செய்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவர் எங்கள் மூச்சுக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆட்கள் நீருக்குள் இருக்கும்போது குமிழியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது, சங்கு குளித்த தம் தந்தையாரிடம் அவர் கற்ற பாடம். குமிழிகள் ஒரே இடத்தில் நெடுநேரம் பொங்கி வந்தபோது, அந்த இடத்துக்குக் கரை அடையாளமும் பார்த்து வைத்திருக்கிறார். தீவில் ஒற்றையாக நின்ற பனைக்கு நேர் பின்னால், அக்கரையில் உள்ள கோபுரம் தெரிய வேண்டும். இடப்புறத்தில், அடுத்த தீவின் முனைக்கு நேர் பின்னால், தொலைவிலுள்ள கலங்கரை விளக்கம் தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேர அமையும் இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான்.

இதன் வடிவகணிதம் உங்களுக்கு எளிதில் விளங்கும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று மறைக்குமாறு நீங்கள் நின்றால், அவ்விரண்டையும் இணைக்கும் நேர்க்கோட்டின் நீட்சியில் நிற்கிறீர்கள். அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறீர்கள் என்பது அதனால் தெரியாது. வேறொரு பக்கத்தில் இதேபோல இன்னொரு கோடு கிடைத்தால், இரண்டும் வெட்டும் புள்ளியே உங்கள் இடம். அந்தப் பனை எங்களிடமிருந்து ஒரு கிலோமீட்டரிலும் கோபுரம் ஒன்பது கிலோமீட்டரிலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். படகு பத்து மீட்டர் பக்கவாட்டில் விலகினாலும், பனைக்கும் கோபுரத்துக்கும் இடையே முழுநிலவின் அகலமளவு இடைவெளி கண்ணுக்குத் தெரியும். மின்கலமும் எண்களும் இல்லாத இந்த முறை எவ்வளவு நுட்பமானது, பாருங்கள்!

ஆனால் இதற்கும் விதிகள் உண்டு. முன் அடையாளமும் பின் அடையாளமும் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் இருத்தல் வேண்டும். இல்லையேல் விலகல் தெரியாது. இரு கோடுகளும் கூடியவரை செங்கோணத்துக்கு அருகில் வெட்டுதல் வேண்டும். ஒட்டினாற்போல் சாய்ந்து வெட்டினால் புள்ளி நீண்டு பட்டையாகிவிடும். அடையாளங்கள் நிலையானவையாக இருத்தல் வேண்டும். நங்கூரமிட்ட கப்பலை அடையாளமாகக் கொண்டவன் மறுநாள் ஏமாறுவான். மூடுபனி மறைக்குமாயின் இருக்கட்டும் என்று மூன்றாவது கோடு ஒன்றையும் குறித்துக்கொள்வது அறிவுடைமை.

புள்ளி கிடைத்ததும் அதைக் கடலின் மேல் நிலைநிறுத்த வேண்டும். இதற்கு வேண்டியவை மூன்றே: ஓர் எடைக்கல், ஒரு கயிறு, ஒரு மிதவை. ஆழத்தைவிடச் சற்று நீளமான கயிறு வேண்டும். இல்லையேல் அலையும் ஏற்றமும் எடையைத் தூக்கி நகர்த்திவிடும். மிக நீளமாகவும் இருத்தலாகாது. மிதவை நெடுந்தூரம் விலகிப் போய்விடும். முத்துப் பார்களில் குளிப்பு நடந்த காலங்களிலும் அதற்கென்று தேர்ந்த பகுதியைக் கொடியேந்திய மிதவைகளால் குறித்து வைப்பது வழக்கமாக இருந்தது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அந்நாளைய கடலோடிகள் அறிந்த கலையே இது.

மிதவை போட்டபின் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். 'அருகில்தானே, நேரே இறங்கிவிடலாம்' என்று எண்ணுவது பிழை. நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி, காதின் அழுத்தத்தைச் சரிசெய்து, தரையைச் சேர இரண்டு நிமிடம் ஆனால், அதற்குள் நாம் அறுபது மீட்டர் அடித்துச் செல்லப்பட்டிருப்போம். நீரோடு நாமும் நகர்வதால், நகர்ந்ததே நமக்குத் தெரியாது.

அடித்தரையில் வழிகாட்டுபவை இருவகை: இயற்கையானவை, கருவிகள். கரையோர மணலில் அலை வரைந்த வரிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும். தரை சரியும் பக்கம் ஆழ்கடல் இருக்கும். கடற்பாசிகள் சாயும் பக்கம் நீரோட்டம் செல்லும். கருவிகளுள் முதன்மையானது திசைகாட்டி. அதை உடலின் நடுக்கோட்டுக்கு நேராகப் பிடித்து, முள்ளைப் பார்த்து நீந்த வேண்டும். இரும்புப் பொருள் அருகில் இருந்தால் முள் பொய் சொல்லும். ஐந்து பாகை பிழையோடு நூறு மீட்டர் நீந்தினால், சேரவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது மீட்டர் விலகிப் போவோம். மூன்று மீட்டர் மட்டுமே கண் தெரியும் நீரில், அது தொலைந்ததற்குச் சமம். தூரத்தை அளக்கக் காலடியே அளவுகோல். ஒரு கயிற்றை முப்பது மீட்டர் நீளத்துக்கு விரித்து, அதைக் கடக்க எத்தனை முறை கால் உதைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும், சிறு பொருள் நேரே கண்ணில் படுவது அரிது. அப்போது முறையாகத் தேட வேண்டும். நாங்கள் கையாண்டது வட்டத் தேடல். பெரியவர் காட்டிய புள்ளியில் எடைக்கல்லை இறக்கினோம். என் தோழர் அதன் அருகே கயிற்றுச் சுருளோடு அமர்ந்தார். நான் கயிற்றின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான்கு மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று வந்தேன். ஒரு சுற்று முடிந்ததை அறியத் தரையில் ஒரு சிறு குறி வைத்திருந்தோம். பிறகு தோழர் கயிற்றை இன்னும் நான்கு மீட்டர் நீட்டினார். மூன்று மீட்டர் கண் தெரியும் நீரில் நான்கு மீட்டராக நீட்டினால், ஒரு வட்டமும் அடுத்த வட்டமும் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியும். இடையில் பாராத நிலம் மிஞ்சாது. கயிற்றை ஒருமுறை இழுத்தால் 'நில்', இருமுறை இழுத்தால் 'செல்' என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம்.

மூன்றாவது சுற்றில், என் கையிலிருந்த கயிறு எதிலோ தட்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாசி படர்ந்த ஒரு முளை. அதன் கழுத்தில் எங்கள் கருவி! சுற்றிலும் பவளங்கள் எலும்புபோல் வெளுத்து நின்றன. தேடியது கிடைத்த மகிழ்ச்சியும், கிடைத்த இடத்தின் காட்சி தந்த துயரமும் ஒரே கணத்தில் என் நெஞ்சை அழுத்தின. ஆனால் அந்த வெளிறல் எந்நாளில் எந்தச் சூட்டில் நேர்ந்தது என்பதைச் சொல்லும் சாட்சி இப்போது எங்கள் கையில் இருந்தது. காற்றுமானியைப் பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்தே மேலே வந்தோம்.

என் தவறு சிறியது; ஒன்றரை நாளில் தீர்ந்தது. இதே தவறு ஒரு நாட்டின் வரலாற்றையே மறைத்து வைத்ததும் உண்டு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ், 1545-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகே மூழ்கியது. 1836-இல் மீனவர் வலை ஒன்று கடலடியில் சிக்க, அருகே வேறொரு கப்பலில் பணி செய்துகொண்டிருந்த டீன் சகோதரர்கள், செம்புத் தலைக்கவசம் அணிந்து இறங்கி, அந்தக் கப்பலின் பீரங்கிகளைக் கண்டெடுத்தனர். 1840-இல் அவர்கள் பணியை நிறுத்தினர். அவ்வளவுதான், கப்பல் கிடந்த இடம் மக்கள் நினைவிலிருந்து நழுவிப் போயிற்று. கண்டெடுத்த கப்பலைக் கடல் மீண்டும் எடுத்துக்கொண்டது.

1965-இல் அலெக்சாண்டர் மெக்கீ என்பவர் பொழுதுபோக்காக மூழ்கும் அன்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதைத் தேடத் தொடங்கினார். மறுவருடம், 1841-ஆம் ஆண்டின் பழைய கடல்வரைபடம் ஒன்று கிடைத்தது. அதில் கப்பலின் இடம் ஒரு சிறு குறியாக இடப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் தம் கடமையைச் செய்து வைத்திருந்தார்! அந்தக் குறியைச் சுற்றி ஒலியலைக் கருவிகளைக் கொண்டு சேற்றுக்கு அடியில் ஆராய்ந்தனர். 1971-இல் கப்பலின் மரச்சட்டங்கள் கண்ணில் பட்டன. பின்னர் மார்கரெட் ரூல் என்னும் தொல்லியல் அறிஞரின் தலைமையில் அகழாய்வு நடந்தது. இம்முறை ஒவ்வொரு பொருளின் இடத்தையும் குறித்தார்கள். கப்பலில் நிலையான புள்ளிகள் சிலவற்றை அமைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் அப்புள்ளிகளிலிருந்து நாடாவால் தூரம் அளந்தார்கள். மூன்று புள்ளிகளிலிருந்து தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். நான்காவது தூரம் பிழையைக் காட்டிக்கொடுக்கும். கலங்கிய நீரில் தடவியே வேலை செய்பவனும் நாடாவைப் பிடித்து அளக்கலாம் அல்லவா? 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் மேரி ரோஸின் உடல் கடலிலிருந்து தூக்கப்பட்டது. இன்று அது போர்ட்ஸ்மவுத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு வில்லோ ஒரு கிண்ணமோ எங்கே கிடந்தது என்பது தெரிந்தால்தான், அது யாருடையது, எதற்காக இருந்தது என்பதைச் சொல்ல முடியும். இடம் தெரியாமல் எடுத்த பொருள், எழுத்துக் கூட்டாமல் கலைத்துப் போட்ட சொல்லைப் போன்றது.

பனையும் கோபுரமும், நாடாவும் புள்ளிகளும், செயற்கைக்கோளும் எண்களும் நமக்குச் சொல்வது ஒன்றே. ஓர் இடம் என்பது தனியாக நிற்பதன்று; நமக்கு நன்கு தெரிந்த பிற இடங்களோடு அதற்குள்ள உறவே அதன் முகவரி. அந்த உறவைக் குறித்து வைக்காதவன், கண்டும் காணாதவனாகிறான்.

இதை அறிந்துகொள்ள நீங்கள் கடலுக்குப் போக வேண்டியதில்லை. தகுந்த ஆசிரியரிடம் பயிற்சி பெறாமல், துணையின்றி எவரும் நீருக்குள் இறங்கவும் கூடாது. உங்கள் பள்ளி மைதானமே போதும். ஒரு நாணயத்தை மண்ணில் புதையுங்கள். அங்கே நின்று, ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு சோடி அடையாளங்களைத் தேர்ந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை, நாணயத்தைப் புதைத்ததைப் பார்த்திராத தோழனிடம் கொடுங்கள். அவன் நேரே சென்று அதைத் தோண்டி எடுப்பானாயின், நீங்கள் இடம் குறிக்கக் கற்றுவிட்டீர்கள்.

என் பழைய குறிப்பேட்டில், அன்று நான் எழுதிய எண்களுக்கு அடியில் இன்னொரு வரி இருக்கிறது: "பனைக்குப் பின் கோபுரம், தீவு முனைக்குப் பின் விளக்கம்." அது பெரியவர் சொல்ல, நான் எழுதியது. அந்த வரியைக் கொண்டு இன்றும் அந்த இடத்துக்கு என்னால் போக முடியும்.